குடியிருப்போருடன் கூடிய வீட்டை விலைக்கு வாங்குதல்

(பாலக்கோட்டில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வீடு வாங்குவதைப் பற்றிப் பேசவேண்டும் என்று சங்கத்தார் என்னைக் கேட்டுக்கொண்டபொழுது, அவ்வளவு பெரிய விஷயம் ஒரு மாலைப்பொழுதில் அடங்குமோ என்று ஐயுற்றேன். மனை, மூலபத்திரம், வில்லங்கம், கிரயச் செலவு என்று தொடங்கினால் அதற்கு முடிவேது? ஆகையால் அதில் ஒரு மூலையை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். ‘லைன் வீடு’ என்று ஜனங்கள் வழங்குகிறார்களே, ஒரே மதிலுக்குள் நாலைந்து குடும்பங்கள் தனித்தனியே சமைத்துண்டு வாழும் வீடு, அத்தகைய வீட்டை, உள்ளே குடிகள் இருக்கும்பொழுதே விலைக்கு வாங்குகிறவர் அறிந்திருக்கவேண்டியவை யாவை என்பதே நான் சொல்ல வந்தது. அக்குடிகளும் பெரும்பாலும் பத்திரமின்றி, காலவரையறையுமின்றி, மாதம் பிறந்தால் வாடகை கொடுத்து இருந்து வருபவர்கள்.

இவ்விஷயம் நமக்கு ஏன் வேண்டியது என்று கேட்கலாம். பாலக்கோடு ஒரு தாலூகாவின் தலைமையிடம்; கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், தக்காளிச் சந்தையும், ரெயில் நிலையமும் உள்ள ஊர். உத்தியோகத்தின் பொருட்டும் வியாபாரத்தின் பொருட்டும் வெளியூரார் வந்து வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். நம்மவர்களிலோ, காட்டு வேளாண்மையில் நாலு காசு மிச்சம் பிடித்தவர்களும், ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்ச் சம்பாதித்தவர்களும், அப்பணத்தை நிலத்தில் போடுவதைவிட இப்படிப்பட்ட ஒரு வீட்டில் போட்டால், ஒரு பகுதியில் தாம் இருந்துகொண்டு மற்றப் பகுதிகளின் வாடகையால் முதுமைக் காலத்தில் பிறர் கையை எதிர்பாராமல் இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். நல்ல நினைவுதான். ஆயினும் அது ஒருவருடைய வாழ்நாளில் இரண்டாம் முறை சேராத பணம் என்பதை மறக்கலாகாது. மேலும், வீடு வாங்கக்கூடியவர்கள் மட்டுமல்லர், மாத வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இச்சபையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆதலால் இருதிறத்தாருக்கும் பொதுவாகவே பேசுகிறேன்.

நமது பக்கத்து ஜனங்கள் நிலப் பத்திரம் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். 1792-ஆம் வருஷத்தில் பாராமகால் சீமை கும்பினியார் வசமானபின், ரீட் என்பவரும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் இந்தச் சீமையிலேதான் ரயத்துக்களோடு நேராகப் பேசி நிலத்தை அளந்து தீர்வை கட்டினார்கள். அன்று முதல் பட்டாவின் அருமை நமக்குப் பரம்பரையாகத் தெரியும். நான்கெல்லை பார்ப்போம், முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், விற்பவருடைய பாட்டனார் பெயர்வரை விசாரிப்போம். ஆனால் வீட்டுக்குள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தைப் பார்த்து, “நீங்கள் இங்கே எந்த முறையில் இருக்கிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. விற்பவர் “அவர்கள் வாடகைக்காரர்கள், சொன்னால் போய்விடுவார்கள்” என்று சொல்லுவார்; நாமும் தலையை ஆட்டிவிட்டு அச்சாரம் கொடுத்துவிடுகிறோம்.

சட்டம் இவ்விடத்தில் நம்மைவிடக் கண்டிப்பானது. ஒரு சொத்தை ஒருவர் தம் அனுபவத்தில் வைத்திருந்தால், அவருக்கு அதில் என்ன உரிமை உண்டோ அவ்வளவும் வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே அது கொள்ளும். கேட்டுத் தெரிந்துகொண்டீரா இல்லையா என்பது கேள்வியன்று. கேட்டிருக்கவேண்டும் என்பதே விதி. இங்கிலாந்தில் எல்டன் பிரபு என்னும் நீதிபதி 1809-இல் ஒரு வழக்கில் இவ்வாறு தீர்த்தார். குடியாக இருந்தவர் அந்தச் சொத்தையே வாங்குவதற்கு உடன்படிக்கை செய்துகொண்டிருந்தார். அதை விசாரியாமல் மற்றொருவர் விலைக்கு வாங்கினார். குடி இருப்பதைக் கண்டபின் அவருடைய உரிமையை விசாரியாதது வாங்கினவர் குற்றம் என்று முடிவாயிற்று. நமது நாட்டில் 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 1929-இல் செய்த திருத்தத்தினால் இந்த விதி வெளிப்படையாகவே எழுதப்பட்டது. 2000-ஆம் வருஷத்தில் நமது உச்சநீதிமன்றம் இதே மாதிரியான இரண்டு வழக்குகளில், “அவர் வாடகைக்கு இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், வேறு உரிமை இருக்கும் என்று நினைக்கவில்லை” என்று வாங்கினவர் சொல்லுவது போதாது என்று தீர்மானித்தது. குடியாக இருப்பவரிடம் வேறு உடன்படிக்கை ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கவேண்டுமாம்.

வில்லங்கச் சான்று பார்த்தோமே என்பீர்கள். பதிவான பத்திரங்கள்தாம் அதில் வரும். மாத வாடகைக் குடியும், ஒரு வருஷத்துக்கு உட்பட்ட வாடகைச் சீட்டும், முத்திரைத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்ட உடன்படிக்கையும் அதில் எப்படி வரும்?

இனி, அக்குடும்பம் ‘வாடகைக்காரர்’ என்ற பெயருக்குள் வேறு என்னவாக இருக்கக்கூடும் என்று பார்ப்போம். விலைக்கு வாங்க அச்சாரம் கொடுத்தவராக இருக்கலாம், அதைச் சொன்னேன். விற்பவருடைய தங்கை, சிற்றப்பன் மகன் என்று பாகபாத்தியம் உள்ள உறவினராக இருக்கலாம். அப்படிப்பட்டவர் வாடகை கொடாமல் இருப்பதற்குக் காரணம் தயவன்று, பங்கு. ஆனால் நமது ஊர்களில் அதிகமாகக் காண்பது போக்கியம். ‘லீசு’ என்றும் அதைச் சொல்லுகிறார்கள். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வாடகையில்லை, பணத்துக்கு வட்டியில்லை என்று இருந்து, காலம் முடிந்தபின் தொகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியேறுவது அது.

ஓர் உதாரணம் போட்டுக் கணக்குப் பார்ப்போம். நான்கு பகுதிகள் உள்ள வீடு. பகுதி ஒன்றுக்கு மாதம் ரூ.4,000 வாடகை என்று விற்பவர் சொல்லுகிறார். மாதம் ரூ.16,000, வருஷத்துக்கு ரூ.1,92,000. இதை வைத்துத்தான் நீங்கள் விலை பேசுகிறீர்கள். கிரயம் ஆனபின் முதல் மாதம் வாடகைக்குப் போனால், மூன்று பேர் கொடுக்கிறார்கள். நான்காமவர் ஒரு தாளை எடுத்துக் காட்டுகிறார். ரூ.3,00,000 போக்கியம், இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. உங்கள் வருமானம் வருஷத்துக்கு ரூ.1,44,000 ஆகக் குறைந்தது. அது மட்டுமன்று; மற்ற மூவரும் தலைக்கு ரூ.20,000 முன்பணம் கொடுத்திருக்கிறார்கள், அந்த ரூ.60,000-மும் விற்றவர் கையிலேயே நின்றுவிட்டது. ஆகக் கூடி, நீங்கள் அறியாமலே ரூ.3,60,000 கடனையும் வீட்டோடு வாங்கியிருக்கிறீர்கள். அல்லது குறைந்தபட்சம், அக்கடனுக்கான வழக்கை வாங்கியிருக்கிறீர்கள்.

வழக்கு என்று ஏன் சொல்லுகிறேனென்றால், போக்கியமென்பது சட்டப்படி அனுபோக அடமானம், ரூ.100-க்கு மேற்பட்ட அப்படிப்பட்ட அடமானம் பதிவு செய்யப்படவேண்டும். பதிவாகியிருந்தால் வில்லங்கத்தில் தெரியும், உங்களையும் கட்டுப்படுத்தும். பதிவாகாவிட்டால் அது அடமானமாகச் செல்லாது; பணத்தைப் பெற்றவரிடமே அவர் பணத்தைத் தேடவேண்டிவரும். பணத்தைப் பெற்றவரோ வீட்டை விற்றுவிட்டார். மூன்று லட்சம் கொடுத்த குடும்பம் அந்தக் கதவை விட்டு இலேசில் நகருமா? நகரவேண்டுமென்று சொல்லத்தான் நமக்கு மனம் வருமா? போக்கியத்துக்கு வீடு பிடிக்கும் சகோதரர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். பதிவுச் செலவுக்கு அஞ்சி அத்தனை பணத்தையும் வெறுந்தாளின் மேல் வைக்காதீர்கள்.

ஆகையால் அச்சாரம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு குடியையும் தனித்தனியே, விற்பவர் அருகில் இல்லாதபொழுது, போய்ப் பாருங்கள். பகலில் போனால் ஆண்கள் இல்லை என்று திரும்பிவிடவேண்டாம். வீட்டுக் கணக்கு அம்மாக்களுக்கே நன்றாகத் தெரியும். நம் வீட்டுப் பெண்மணிகளையும் உடன் அழைத்துக்கொண்டு போவது உத்தமம். “அம்மா, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள்? வாடகை எவ்வளவு, யார் கையில் கொடுக்கிறீர்கள்? எந்த மாதம் வரையில் கொடுத்தாயிற்று? முன்பணம் எவ்வளவு? எழுத்து ஏதாவது உண்டா? வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் வேறு கொடுக்கல் வாங்கல் உண்டா?” என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் மறைக்கமாட்டார்கள். மறைப்பதால் அவர்களுக்கு லாபமில்லை. சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டால் பின்னால் வார்த்தை மாறாது. விற்பவர் இதற்கு இடங்கொடாமல், “குடிகளிடம் இப்பொழுது பேசவேண்டாம், விற்கிற செய்தி தெரிந்தால் கலைந்துவிடுவார்கள்” என்று தடுத்தாரானால், அந்த வீட்டை அங்கேயே விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

வீடு கைமாறினால் குடியின் கதி என்ன? பண்டைக்கால ரோமாபுரிச் சட்டத்தில், வாங்கினவர் குடியை வெளியே அனுப்பிவிடலாம். குடி, தன்னை வைத்த பழைய சொந்தக்காரர்மேல் நஷ்டத்துக்கு வழக்காடலாமேயொழிய வீட்டில் இருக்க முடியாது. நெப்போலியன் காலத்தில் 1804-இல் ஏற்பட்ட பிரெஞ்சுச் சட்டம், முறையாக எழுதின குத்தகை உள்ள குடியை வாங்கினவர் வெளியேற்றக்கூடாதென்றது. 1900-இல் அமலுக்கு வந்த ஜெர்மானியச் சட்டம், விற்பனையினால் வாடகை முறியாது என்பதைப் பொது விதியாக்கிற்று. நமது சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆம் பிரிவும் இந்த வழியினதே. வாங்கினவர் பழைய சொந்தக்காரருடைய ஸ்தானத்தில் வந்து நிற்கிறார். குடி குடியாகவே இருக்கிறார். “நான் உங்களை வீட்டுக்காரராக ஒப்புக்கொள்ளவில்லை” என்று குடி சொல்லுவதற்கும் இடமில்லை. அவர் சம்மதம் இல்லாமலே அந்த உறவு ஏற்பட்டுவிடுகிறது.

இதிலே பணத்தைப் பற்றிய நுட்பங்கள் சில உண்டு. கிரயத் தேதிக்கு முன் நின்ற வாடகை பாக்கி விற்றவருக்குச் சேர்ந்தது. அதையும் உங்களுக்கு மாற்றிக் கொடுத்ததாகப் பத்திரத்தில் எழுதினாலன்றி நீங்கள் கேட்க முடியாது. மாதத்தின் நடுவில், 12-ஆம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள், கிரயம் ஆனால், வேறு பேச்சு இல்லாதபட்சத்தில் அந்த மாத வாடகையை நாட்கணக்கில் இருவரும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். வீடு கைமாறியது தெரியாமல் குடி பழையவரிடமே வாடகையைக் கொடுத்துவிட்டால், அதை மறுபடியும் உங்களுக்குக் கொடுக்கவேண்டிய கடமை அவருக்கு இல்லை. ஆகையால் கிரயமான அன்றே, விற்றவரும் வாங்கினவரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஓர் அறிவிப்பை ஒவ்வொரு குடிக்கும் பதிவு செய்த விரைவுத் தபாலில் அனுப்பிவிடவேண்டும். முன்பணத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. குடிகள் கொடுத்த முன்பணம் முழுவதையும் விலையில் கழித்துக்கொண்டு, “இன்னாருடைய முன்பணம் இவ்வளவு, அதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு வாங்கினவருடையது” என்று கிரயப் பத்திரத்திலேயே பெயர்வாரியாக எழுதிவிடுங்கள். வெளியேறும் நாளில் குடி பழையவரிடமும் புதியவரிடமும் மாறிமாறி நடக்கும் அவலம் இதனால் நீங்கும்.

கிரயப் பத்திரங்களில் ஒரு வாசகம் வழக்கமாக வரும்: “சொத்தை இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்புவித்துவிட்டேன்.” நான்கு குடும்பங்கள் உள்ளே உலை வைத்துக்கொண்டிருக்கும்பொழுது எதை ஒப்புவிக்கிறார்? எழுத்தர் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதுகிறார்; நாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். குடிகள் இருக்கிறார்கள் என்றால் இருக்கிறார்கள் என்றே எழுதவேண்டும். காலி வீடாகத்தான் வேண்டுமென்றால், குடிகளைக் காலி செய்து கொடுத்தபின்பே பாக்கி விலையைத் தருவதென்று விற்பனை உடன்படிக்கையில் முதலிலேயே எழுதிக்கொள்ளவேண்டும். “வாங்கிவிட்டு நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று துணிகிறவர்கள் அடுத்து நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேட்கவேண்டும்.

மாத வாடகைக் குடிக்குப் பதினைந்து நாள் நோட்டீசு கொடுத்தால் போதும் என்று அநேகர் நம்புகிறார்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்லுகிறது. ஆனால் அந்த நோட்டீசு குடித்தனத்தை முடிக்குமேயன்றி, குடியைக் கையைப் பிடித்து வெளியே விடும் அதிகாரத்தை நமக்குத் தராது. அதற்கு நீதிமன்றத்துக்கே போகவேண்டும். பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கோ, அதற்கு மேலும் ஒரு சட்டம் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வீட்டுப் பஞ்சத்தினால் நமது மாகாணத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, 1946, 1949, 1960 ஆகிய வருஷங்களின் சட்டங்களாகத் தொடர்ந்து வந்தது. அந்த 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தில் நம் விஷயத்துக்கே உரிய ஒரு விதி இருந்தது. குடி உள்ள வீட்டை வாங்கினவர், தாம் குடியிருக்கவேண்டும் என்று காரணம் காட்டி மனுச் செய்வதற்கு, பத்திரம் பதிவான நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். வாங்கின கையோடு வெளியே போ என்பது தகாதென்று சட்டம் செய்தவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அச்சட்டம் இப்பொழுது இல்லை. அதற்குப் பதிலாக 2017-இல் இயற்றிய, நில உரிமையாளர் குடியிருப்போர் உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22-ஆம் தேதி முதல் அமலில் இருக்கிறது.

புதிய சட்டத்தின்படியும், உரிய காரணத்தைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு பெற்றே குடியை வெளியேற்றலாம். இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீசு கொடுத்தும் கட்டாமலிருப்பது. சம்மதமின்றி மற்றொருவருக்கு உள்வாடகைக்கு விடுவது. வீட்டைத் துருப்பயோகம் செய்வது. காலி செய்தாலன்றிப் பழுதுபார்க்கவோ இடித்துக் கட்டவோ முடியாதிருப்பது. எழுத்து மூலமான உடன்படிக்கைக்கு வராமலிருப்பது என்பவை அக்காரணங்களில் சில. தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, குடி வெளியே போயிருக்கும்பொழுது பூட்டைப் போடுவது ஆகியவை நமது ஊர்களில் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணப்படுகின்றன. தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தக்கூடாதென்று பழைய சட்டமும் சொல்லிற்று, புதிய சட்டமும் சொல்லுகிறது. அப்படிச் செய்த வீட்டுக்காரருடைய நியாயமான வழக்கும் அதனாலேயே கெட்டுப்போகும். அன்றியும், பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும் மாதத்தில் ஒரு வீட்டின் விளக்கை அணைப்பவர் நம்மில் ஒருவராக இருக்கலாமா? இதைச் சபையிலே சொல்ல எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

அந்தச் சட்டம் வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டுமென்றும், அது துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டுமென்றும் விதிக்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது. வாடகை வாங்கினால் ரசீது கொடுக்கவேண்டும். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் குடி அதை அதிகாரியிடம் கட்டிவிடலாம். புதிதாக வீடு வாங்கினவருக்கு நான் சொல்லும் யோசனை, முதல் மாதத்திலேயே வாடகையை உயர்த்தாமல், இருக்கிற வாடகைக்கே ஒவ்வொரு குடியோடும் ஓர் உடன்படிக்கை எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்பது. எத்தனை மாதம், எப்பொழுது எவ்வளவு உயர்வு, காலி செய்ய எத்தனை நாள் அவகாசம் என்பவை அதில் இருக்கட்டும். குடிகள் சிலர், “கையெழுத்து வாங்குவது நம்மை வெளியேற்றுவதற்குத்தான்” என்று பயந்து பின்வாங்குவார்கள். அது தப்பான பயம். எழுத்தில்லாமல் இருப்பதுதான் அவர்களுக்கு அபாயம். உடன்படிக்கைக்கு வராததே வெளியேற்றக் காரணமாகிறதென்று முன்னரே சொன்னேன். பேரூராட்சி எல்லைக்கு அப்பால், ஊராட்சிக் கிராமங்களில் உள்ள வீடுகளுக்குப் பொதுவாக இந்தச் சட்டம் வராது. அங்கே சொத்து மாற்றுச் சட்டமே. அங்கும் எழுத்து கெடுதல் செய்யாது.

பல குடித்தன வீட்டுக்கே உரிய சில்லறைத் தகராறுகளைச் சொல்லாமல் விடக்கூடாது. நான்கு வீட்டுக்கும் ஒரே மின்சார மீட்டர் இருந்தால், கட்டணத்தை யார் எப்படிப் பங்கிடுவது? மோட்டாரை எந்த நேரத்தில் போடுவது? துணி உலர்த்தும் முற்றம், கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் இவை யாருக்கு? பழைய வீட்டுக்காரர் வாய்ப்பேச்சில் கொடுத்த சலுகைகள் எத்தனையோ இருக்கும். புதியவர் தாமும் ஒரு பகுதியில் குடிவந்தால் முதல் சண்டை வாடகையால் வராது, தண்ணீர்க் குடத்தால் வரும். இவற்றையும் வாங்குமுன்னே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிரயமான பிறகு பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு இவற்றின் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடவேண்டாம். ரசீதில் பழையவர் பெயரே வந்துகொண்டிருந்தால் குடிகளுக்கும் சந்தேகம் தெளியாது.

விற்றவரும் வாங்கினவரும் சேர்ந்து குடிகளுக்கு அனுப்பவேண்டிய அறிவிப்பின் மாதிரி ஒன்றும், குடிகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டிய கேள்விகளின் ஜாபிதா ஒன்றும் தமிழில் எழுதிச் சங்கத்துக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டுவோர் கூட்டம் கலையுமுன் பிரதி பெற்றுக்கொள்ளலாம். வீடு பேசிக்கொண்டிருப்பவர்கள் எவரேனும் இருந்தால், பத்திர நகல்களுடன் அடுத்த கூட்டத்துக்கு அரைமணி முன்னதாக வந்தால், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.